சங்கு ஊதினால் இறால் சாப்பிடும்

கோயம்புத்தூரில் கடல் இல்லை. இதை ஒரு குறையாக அதுவரை யாரும் சொன்னதில்லை. கடலோர இறால் குளங்களில் கோடை வந்தால் தண்ணீர் காய்ந்து, உப்பு ஏறி, இறால்கள் தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றும், அந்த வெக்கையிலும் அவை விரும்பிச் சாப்பிடும்படி ஒரு தீவனம் கண்டுபிடித்தாக வேண்டும் என்றும் மேலிடத்தில் முடிவானபோது, இடம் பார்ப்பதற்காக ஒரு குழு கடற்கரைக்குப் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. இவ்வளவு வெயிலில் உட்கார்ந்து வெயிலைப் பற்றி ஆராய முடியாது என்று எழுதிக் கொடுத்தது. தெளிந்த சிந்தனைக்குக் குளிர்ந்த காற்றும் நல்ல குடிதண்ணீரும் அவசியம் என்ற வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தார்கள். இப்படித்தான் வெப்பக் கடலோர இறால் தீவன உயராய்வு மையம், சிங்காநல்லூர்ப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு நூல் மில்லுக்குள் வந்து சேர்ந்தது.

மில் திருமலைசாமியின் குடும்பத்துடையது. ஆகவே மையத்தின் இயக்குநரும் அவரே ஆனார். இறாலைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரே ஒரு பதில் வைத்திருந்தார்.

"ஏனுங்க, பஞ்சைப் பத்தி என்ற தாத்தனுக்கு என்னங்க தெரியும்? மில்லு நடத்தலீங்களா?"

அவர் சுத்த சைவம். இறாலைப் படத்தில்தான் பார்த்திருந்தார். அதுவும் வேகவைத்துச் சிவந்த இறாலின் படம். முதல் வண்டியில் உயிருள்ள குஞ்சுகள் வந்து இறங்கியபோது, சாயம் போயிருக்கிறது, வேறு சரக்கு அனுப்புங்கள் என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்.

நூல் ஓட்டிய பெரிய கூடத்தின் நடுவில் சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். லாரி லாரியாகக் கல்லுப்பு வந்தது. தண்ணீர் கடலைவிடக் கரித்தபோது, போதும் என்றார்கள். கோவையின் காற்று குளிர்ச்சியாக இருந்து ஆராய்ச்சியைக் கெடுத்ததால், மில்லின் பழைய பாய்லரைத் தட்டியெழுப்பித் தொட்டிக்குச் சூடு கொடுத்தார்கள். கூடம் வெந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள் வேகக்கூடாது என்பதற்காக மாடியில் கண்ணாடி வைத்த ஏசி அறை ஒன்று தயாரானது. ஆராய்ச்சி தொடங்கியது.

இறால் எப்போது சாப்பிட வேண்டும் என்ற கேள்வி வந்தபோது திருமலைசாமி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மூணு ஷிஃப்ட்டு" என்றார். மில் மூடியதிலிருந்து ஊமையாக இருந்த ஷிஃப்ட்டுச் சங்கு மறுபடி ஊதியது. முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டு, சுற்றுவட்டாரத்து லைன் வீடுகளிலிருந்து பழைய தொழிலாளிகள் சிலர் டிபன் கேரியரோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். சங்கு இறாலுக்கு என்று வாட்ச்மேன் சொன்னான். அவர்கள் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். மையத்தின் ஆண்டறிக்கையில் இது பொதுமக்கள் பங்கேற்பு என்ற தலைப்பில் இடம்பெற்றது.

மதிவதனி இந்த மையத்தில் தற்காலிக உண்ணல் நோக்கர். விலங்கியல் படித்தவள். தாராபுரத்தில் இருக்கும் அவளுடைய அம்மா மாசாணியம்மாள் அக்கம்பக்கத்தில், "என்ற பொண்ணு இறாலாபீசுல பெரிய வேலைங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டால், வயல் வேலையை விட்டுவிட்டு மகளோடு டவுனுக்கு வந்துவிடுவது என்றும் முடிவு செய்திருந்தாள்.

வேலை எளிமையானதுதான். இறால் குளத்துத் தண்ணீர் கலங்கித்தான் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே ஒரு வலைத்தட்டில் கொஞ்சம் தீவனம் வைத்துக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினால், தட்டு காலியாக வந்தால் சாப்பிட்டிருக்கின்றன என்று பொருள். மிச்சம் இருந்தால் இல்லை. தட்டு காலியாக வந்ததும் அவள் தொட்டியோரத்தில் தொங்கும் பித்தளை மணியை அடிக்க வேண்டும். மாடியில் ஏசி அறையில் அந்தச் சத்தம் கேட்டால் திருமலைசாமியின் முகம், தன் வீட்டுப் பந்தியில் யாரோ நிறைவாக ஏப்பம் விட்டதைக் கேட்டதுபோல மலரும்.

முதல் வாரம் மணி அடித்தது. பாய்லரின் சூடு ஏற ஏற, உப்பு கூடக் கூட, தட்டில் மிச்சம் வர ஆரம்பித்தது. மதிவதனி மணி அடிக்கவில்லை. சூபர்வைசர் தம்பிதுரை ஓடி வந்தார். மில் ஓடிய காலத்தில் ஸ்பின்னிங் மேஸ்திரியாக இருந்தவர். மெஷின் இரைச்சலுக்கு வைத்த பஞ்சை இன்னமும் காதில் வைத்திருந்தார், பழக்கம்.

"ஏனுங் அம்மணி, மணி கேக்கலைன்னு டைரக்டரு காப்பி குடிக்காம உக்காந்திருக்காருங்."

"மிச்சம் இருக்குதுங்க. சாப்புடலீங்க."

அவர் தட்டையே பார்க்கவில்லை. தட்டில் கட்டிய கயிற்றைப் பார்த்தார்.

"உனக்கு முன்னாடி இருந்த பையன் இதயேதான் சொன்னான் கண்ணு. நேர்மையான பையன். இப்ப வால்பாறையில கிளை தொறக்கப்போறோம்னு இடம் பாக்க அனுப்பியிருக்காங்க. அட்டைப்பூச்சிதான் பாத்துட்டிருக்கறான்." பிறகு, யாருக்கோ உபகாரம் செய்வதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "தூக்கறதுக்கு முன்னாடி தண்ணிக்குள்ளயே இந்தக் கயித்த இப்படி ஒரு சுண்டு சுண்டுனா, தட்டு தானாக் காலியாயிருமுங்."

அடுத்த ஷிஃப்ட்டில் அவள் சுண்டினாள். மணி அடித்தாள். மேலே காப்பி குடிக்கப்பட்டது.

இதை அவள் பயத்தால் செய்தாள் என்று சொல்லிவிடலாம். அவளும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தாள். ஆனால் காந்திபுரத்து லேடீஸ் ஹாஸ்டலில் அன்றைய சாம்பார் சாதத்தைக் கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டு, சமையல்காரம்மாவிடம் "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவும்போது அவளுக்கு வேறொன்று தோன்றியது. சாம்பார் நன்றாக இல்லை. அது நன்றாக இருந்ததாக அவள் தினமும் சொல்கிறாள். சின்ன வயதில், அம்மா வயல் வேலை செய்த பண்ணாடி வீட்டுக் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குக் காத்திருந்து உட்கார்ந்தபோது அம்மா காதில் சொன்னது: "எலையில ஒரு பருக்கை இருக்கக்கூடாது சாமி. மிச்சம் வெச்சா இவளுகளுக்குத் திமிருன்னு சொல்லிப்போடுவாங்க." அன்றிலிருந்து அவள் எந்த இலையிலும் எதையும் மிச்சம் வைத்ததில்லை. யார் எதைப் போட்டாலும் காலி. பிடிக்காததைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போகும் தெம்பு தன் பரம்பரையில் யாருக்கும் இல்லாதபோது, இந்தத் தொட்டிக்குள் இருக்கும் சுண்டுவிரல் அளவு ஜீவன்களுக்கு அது எங்கிருந்து வந்தது? அவற்றின் மேல் அவளுக்கு லேசாகப் பொறாமையாக இருந்தது. அந்தத் தெம்பைத்தான் தினமும் மூன்று வேளை கயிற்றைச் சுண்டித் தொட்டிக்கு அடியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அடியில் கொட்டியது வீணாகவில்லை. மில்லில் கழிவுப் பஞ்சைக் கூட்டியெடுத்து, புதுப் பஞ்சோடு கலக்க மறுபடி மிக்சிங்கில் போடுவார்கள். அந்த வழக்கத்தில் ஊறியவர்கள், தொட்டியின் அடியில் ஊறிப் புளித்துக் கிடந்த தீவனத்தைக் குழாய் வைத்து உறிஞ்சியெடுத்து, மொட்டை மாடியில் காயவைத்து, அரைத்து, புதுத் தீவனத்தோடு கலந்தார்கள். நாற்றம் அடிக்கிறதே என்று தயங்கியவர்களுக்கு வாராந்திரக் கூட்டத்தில் திருமலைசாமி விளக்கம் சொன்னார்.

"பாருங்க, தாத்தன் காலத்துல இருந்து இந்தக் காம்பவுண்டுல ஒரு இழை கழிவா வெளிய போனதில்லீங்க. கழிவுங்கறது சோம்பேறி கண்டுபுடிச்ச வார்த்தை. இறாலு வேண்டாம்னு விட்டதை அதுக்கே திரும்பக் குடுக்கறோம். இன்னொருக்கா யோசிக்க ஒரு வாய்ப்பு. எந்த நாட்டுலீங்க இறாலுக்கு இந்த மரியாதை கெடைக்குது?"

கை தட்டினார்கள். அவரே முதலில் தட்டியதால் மற்றவர்கள் பிந்த முடியவில்லை.

மரியாதைக்கு எந்தக் குறையும் இல்லை. இறால்களை நம் வீட்டுக்கு வந்த ஒரம்பரை, உறவினர் போல நடத்த வேண்டும் என்று உத்தரவு இருந்தது. தீவனம் தூவும்போது ஊழியர்கள் "சாப்புடுங்க, சாப்புடுங்க" என்று சொல்ல வேண்டும். போதும் என்கிற விருந்தாளிக்கு இன்னொரு கரண்டி வைப்பதுதானே நம் ஊர்ப் பழக்கம்? மிச்சம் கூடுகிறது என்று யாராவது லேசாகச் சாடை காட்டினாலும், தீவனத்தின் அளவு கூட்டப்பட்டது.

ஒரு நாள் தட்டைத் தூக்கும்போது மதிவதனி கவனித்தாள். வழக்கமாகத் தட்டிலிருந்து துள்ளித் தண்ணீருக்குள் விழும் இரண்டொரு இறால்களைக்கூடக் காணோம். மறுநாளும் காணோம். உறிஞ்சுகுழாயில் தீவனத்தோடு வேறு எதுவோ மெத்துமெத்தென்று வர ஆரம்பித்து, பிறகு அதுவும் நின்றது. தம்பிதுரையிடம் சொன்னாள்.

"ஆப்சென்ட்டா இருக்குமுங்" என்றார் அவர், முகம் பார்க்காமல்.

"எங்கீங்க போகும்? தொட்டிங்க அது."

"மேல சொல்லிப்போடறேன்."

மேலிருந்து பதில் வந்தது. வருகை குறைந்தது என்று ஷிஃப்ட்டை நிறுத்தினால் மில் உருப்படாது. தீவனத்தை இன்னும் கூட்டவும். நல்ல சாப்பாடு கிடைக்கிறது என்று தெரிந்தால் தானாக வருவார்கள்.

தீவனத்தை விவசாயிகளுக்கு வழங்கும் விழா அறிவிக்கப்பட்ட பிறகு, ஒருநாள் மத்தியான ஷிஃப்ட்டில் உமர் பாரூக் வந்தார். தொண்டிப் பக்கம் கடலோரத்தில் குளம் வைத்திருப்பவர். முதல் லோடு தீவனம் அவருக்குத்தான் என்று பத்திரிகையில் பெயர் வந்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பஸ் ஏறி வந்திருந்தார். மாடிக்கு வரச் சொன்னார்கள். அவர் தொட்டிப் பக்கம் வந்தார்.

"கோடையில உப்பு ஏறிருச்சுன்னா அதுங்க வாயக் கட்டிக்குதும்மா. போன வருசம் மொத்தக் குளமும் போச்சு. இந்த வருசமும் போச்சுன்னா, குளத்தை உப்பளத்துக்காரவங்ககிட்ட விட்டுட்டு மச்சான் கூடக் கடல் தாண்டிப் போயிர வேண்டியதுதான். என் வீட்டுக்காரி இப்பவே பெட்டி கட்டி வச்சிருக்கா." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "தட்டு என்னம்மா சொல்லுது?"

அந்த நேரம் பார்த்து மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் திருமலைசாமி எழுந்து நின்றார். மதிவதனியின் கை பழக்கத்தில் கயிற்றைச் சுண்டியது. தட்டு மேலே வந்தது, கழுவி வைத்ததுபோல. மணி அடித்தாள்.

"மணி எதுக்கு?"

"சாப்பிட்டுதுங்கன்னு அர்த்தமுங்க."

"மொத்தமுமா? இந்தச் சூட்டுலயா?"

"ஆமாங்க."

மனிதர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். திறந்தபோது கண் ஈரமாக இருந்தது. "நல்லா இருப்பம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ஹாஸ்டலில் மதிவதனிக்கு ஒரு வாய்கூடச் சாப்பிடப் பிடிக்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டு முடித்தாள்.

விழா நாளன்று கூடத்து வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. நாதஸ்வரம் வைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி தலைமை விருந்தினராக வந்திருந்தார். வாசலில் உமர் பாரூக்கின் லாரி நின்றது. அதில் தீவன மூட்டைகளை ஏற்கெனவே ஏற்றி, பூமாலையும் சாத்தியிருந்தார்கள். சங்கு ஊதியதும் தலைமை விருந்தினர் கயிற்றைப் பிடித்துத் தட்டைத் தூக்குவார், காலித் தட்டை எல்லாருக்கும் காட்டுவார், மதிவதனி மணி அடிப்பாள், லாரி கிளம்பும். இதுதான் நிகழ்ச்சி நிரல். மணி அடித்து முடித்ததும் மேடையிலேயே அவளுக்கு நிரந்தர ஆணை கொடுக்கப்படும் என்று தம்பிதுரை காலையிலேயே சொல்லியிருந்தார்.

"அவரு கயித்தத் தொடறதுக்கு முன்னாடியே சுண்டிப்போடுங் அம்மணி. பெரிய மனுசன் கையில நெறஞ்ச தட்டைக் குடுத்துறாதீங்."

அவள் தொட்டியோரம் கயிற்றைப் பிடித்து நின்றாள். முன்வரிசை ஓரத்தில் உமர் பாரூக் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் அவர் மனைவியும் இருந்தார். அந்தப் பெட்டியைக் கட்டியவர் இவர்தான் என்று மதிவதனி நினைத்துக்கொண்டாள். ஒரு சுண்டு. அவ்வளவுதான் வேலை. அந்தச் சுண்டில் அம்மா டவுனுக்கு வருவாள். இவர்கள் கடல் தாண்டிப் போவார்கள். இதை எதிர்த்து ஏதாவது செய்யும் தைரியம் தனக்கு வருமா என்று அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். வரவில்லை. ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குத் தைரியம் வேண்டியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கையைத் தளர விட்டாள். சங்கு ஊதியது.

தலைமை விருந்தினர் தட்டைத் தூக்கினார். ஊறி உப்பிய தீவனம் கூம்பாகக் குவிந்து, பழுப்பு நீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. அதன் நாற்றம் தட்டுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்தினார். தலைமை விருந்தினர் ஒரு கையில் தட்டையும் மறு கையில் கைக்குட்டையையும் பிடித்துக்கொண்டு, இதில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றார். மணி அடிக்கவில்லை.

திருமலைசாமி மைக்கைப் பிடித்தார். நூல் அறுந்தால் மெஷினை நிறுத்தாமல் முடிச்சுப் போடும் குடும்பத்தில் பிறந்தவர்.

"பாத்தீங்களா? எல்லாரும் நல்லாப் பாருங்க. இதுக்காகத்தான் நாங்க இத்தன நாளு ராப்பகலா ஒழைச்சது. சாதாரணத் தீவனத்த இறாலு திங்கும். தின்னா தீந்துபோகும். தீந்துபோனா விவசாயி மறுபடி வாங்கோணும். நம்ம தீவனத்தப் பாருங்க! பாத்தாலே வயிறு நெறஞ்சுபோகுது. தொடறதில்லை. ஒரு மூட்டை வாங்குனா வருசம் பூரா வருமுங்க. அதோட இன்னொண்ணு. பெரியவங்க வந்திருக்காங்க, அவங்க சாப்புடாம நாம எப்படிங்க சாப்புடறதுன்னு காத்திருக்குதுங்க பாருங்க, இந்தப் பண்பாட்டக் கடலோரத்துல கத்துக்குடுக்க முடியுமுங்களா? இந்த மண்ணுலதான் முடியும்!"

கூடம் ஒரு கணம் யோசித்தது. பிறகு கை தட்டியது. தலைமை விருந்தினர் நிம்மதியாகத் தட்டைத் தம்பிதுரையிடம் தள்ளிவிட்டு, உண்ணாமையைக் கற்றுத்தரும் தீவனம் உலகுக்கே ஒரு செய்தி என்று பேசினார். இறங்கும் முன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இப்போது எங்கே இருக்கின்றன?" என்று கேட்டார்.

"உள்ளதான் இருக்காங்க" என்றார் திருமலைசாமி. "கொஞ்சம் கூச்ச சுபாவமுங்க."

கூட்டம் சாப்பாட்டுப் பந்தலுக்கு நகர்ந்தபோது உமர் பாரூக் மதிவதனியிடம் வந்தார். தட்டையும் தொட்டியையும் விட்டுவிட்டு அவள் முகத்தை மட்டும் பார்த்தார்.

"அன்னைக்கு மணி அடிச்சது நீதானம்மா?"

"நாந்தானுங்க."

"இன்னைக்கு அடிக்கலியே."

"இல்லீங்க."

அவர் தலையை ஆட்டினார். கோபித்துக்கொள்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் லாரிப் பக்கம் திரும்பி, "டேய், மூட்டைகளை இறக்குங்கடா" என்றார். மனைவி பூமாலையை அவிழ்த்து, மடித்து, மேல் மூட்டையின்மேல் பத்திரமாக வைத்தார். காலி லாரி சத்தமில்லாமல் வெளியே போனது. இறக்கிய மூட்டைகளைப் பார்த்த திருமலைசாமிக்கு வருத்தமே இல்லை. மிக்சிங்குக்கு அனுப்பச் சொன்னார்.

அன்றைய பந்தியில் மதிவதனி இலையில் பாதியை விட்டுவிட்டு எழுந்தாள். திமிர் என்று யாரும் சொல்லவில்லை. பரிமாறியவர் மட்டும், தீவனத்தின் மகிமை என்று நினைத்தாரோ என்னவோ, இலையை மரியாதையாகப் பார்த்தார்.

நிரந்தர ஆணை அப்படியும் வந்தது. மையத்தின் மாபெரும் கண்டுபிடிப்பை உலகறியச் செய்தவள் அவள்தான் என்று பாராட்டுரையில் எழுதியிருந்தது. மாசாணியம்மாள் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள். கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இனி ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் தட்டு நிறைந்தே மேலே வர வேண்டும்; நிறைந்து வந்தால் மணி அடிக்க வேண்டும்.

அடுத்த சங்குக்கு மதிவதனி தட்டை இறக்கினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினாள். வைத்தது வைத்தபடி வந்தது. கயிற்றைச் சுண்ட வேண்டியதில்லை. எதையும் மறைக்க வேண்டியதில்லை. இருந்ததை இருந்தபடி காட்டினால் போதும், அதுதான் சட்டம். அவள் கை மணிக்குப் போய் அங்கேயே நின்றது. கயிற்றைச் சுண்டிய நாட்களில்கூட இவ்வளவு கனக்கவில்லை அது.

தம்பிதுரை வந்தார், காதிலிருந்த பஞ்சை எடுத்தபடி.

"ஏனுங் அம்மணி, மணியக் காணோம்? தட்டு நெறையலீங்களா?"

"நெறஞ்சுதானுங்க இருக்குது."

"அப்பறமென்ன?"

"தொட்டிக்குள்ள ஒண்ணுமே இல்லீங்க. எல்லாம் செத்து ரொம்ப நாளாச்சுங்க." சொன்ன பிறகுதான், இதை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை என்று அவளுக்கு உறைத்தது. மாடிக் கண்ணாடியைப் பார்த்தாள். திருமலைசாமி காப்பி டம்ளரோடு காத்திருந்தார்.

தம்பிதுரை பஞ்சை மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

"அது எல்லாருக்கும் தெரியும் கண்ணு. நீ மணிய அடி."